சேவ் பண்ணிட்டேன் சார்

பள்ளிக்கூட லேபில் என் மகள் என்னை சார் என்றுதான் கூப்பிடுவாள். நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் வயர் இழுத்துத் தொழில் கற்றவன், இன்று பிள்ளைகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற ஆளாக நிற்கிறேன். மகளுக்கு மட்டும் தனியாக ஏதோ செய்கிறான் என்று யாராவது சொல்லிவிட்டால்? யாரும் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்று நானே நினைத்து நானே பயந்தேன். எனக்கு அது போதும்.

எங்கள் லேபில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான். அதுதான் சர்வர். லினக்ஸில் ஓடுகிறது. பிள்ளைகளின் மேசையில் இருப்பதெல்லாம் டிபன் பாக்ஸ் அளவுள்ள சின்னப் பெட்டிகள், ஆளுக்கொரு திரை, கீபோர்டு, மவுஸ். தின் கிளையண்ட் என்பார்கள். அந்தப் பெட்டிக்குள் எதுவும் தங்காது. பிள்ளை இங்கே திரையில் வரையும் கோடு மூலையில் இருக்கிற சர்வருக்குள் போய் விழும். அதனால் கரண்ட் போனால் பெட்டிகள் மட்டும்தான் அணையும். யூபிஎஸ் தாங்கும் வரை சர்வர் விழித்திருக்கும். கரண்ட் வந்ததும் திரும்ப உள்ளே போனால் விட்ட கோட்டின் நுனியிலிருந்தே வரையலாம்.

ஆனால் யூபிஎஸ் பேட்டரி பழசு. அது தீர்ந்து சர்வர் பட்டென்று அணைந்தால் டிஸ்க் கெட்டு எல்லாருடைய வேலையும் போகலாம். காப்பி எடுத்து வைத்திருக்கிறேன்தான். அந்தக் காப்பி திறக்குமா என்பது தனிக் கவலை. முன்கூட்டியே முறையாக நிறுத்தினால் சேவ் செய்தவை பிழைக்கும், செய்யாதவை போகும். கரண்ட் போனதுமே நிறுத்துவதுதான் சரி. எனக்கு மனசு வராது. பாவம், எந்தப் பிள்ளை சேவ் செய்யாமல் இருக்கிறதோ என்று யூபிஎஸ் கத்தக் கத்தக் காத்திருப்பேன். பெரும்பாலும் கரண்ட் வந்துவிடும். அப்படிக் காத்துக் காத்தே, சார் நிறுத்தமாட்டார் என்று பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன். ஒரு நாள் அது எனக்குப் புரிந்தது.

அறிவியல் கண்காட்சிக்குப் படம் வரைய அன்று கடைசி நாள். மறுநாள் காலை அறிவியல் மிஸ் பென் டிரைவோடு வந்து எல்லாவற்றையும் பிரிண்ட் போட எடுத்துப் போவார். என் மகள் சயனைட் மலையை வரைந்துகொண்டிருந்தாள். சயனைட் போட்டுத் தங்கம் பிரித்தெடுத்த சுரங்க மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு அது. காற்றடித்தால் அதன் தூள் பறந்து வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குள் சோற்றில் விழும். எந்தப் பக்கம் மரம் வைத்தால் தூள் பறப்பது நிற்கும் என்பது அவள் படம். முதலில் வரைந்தது பிடிக்காமல் அழித்துவிட்டு, அன்று மதியம்தான் புதிதாக ஆரம்பித்திருந்தாள்.

மழைக்கு முந்திய காற்று அடித்தது. திரைகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. "கரண்ட் ஹோய்து!" என்று, கரண்ட் போய்விட்டதைக் கன்னடத்தில் சொல்லிக் கூச்சல். யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. நான் காத்திருந்தேன். கரண்ட் வரவில்லை. கத்தலுக்குக் கத்தல் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

"யாரெல்லாம் சேவ் பண்ணல? கைய தூக்குங்க."

இரண்டு கைகள் எழுந்தன. அதில் ஒருத்தி, "நீங்க நிறுத்தமாட்டீங்க இல்ல சார்? எப்பவும் வெயிட் பண்ணுவீங்களே" என்றாள்.

"யூபிஎஸ் சூடாவுதோ இல்லியோ, சார் சூடாயிட்டாரு" என்று பின் வரிசையிலிருந்து ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

என் மகளின் கைகள் மேசைமேல்தான் இருந்தன.

"நீ?"

"சேவ் பண்ணிட்டேன் சார்."

சர்வரின் திரையில் ஒவ்வொரு பிள்ளையின் வேலையும் சின்னச் சின்னப் படமாகத் தெரியும். சேவ் செய்யாத வேலையின் தலைப்பில் ஒரு நட்சத்திரம் நிற்கும். அவளுடையதில் நின்றது. அங்கிருந்தே ஒருவர் வேலைக்குள் நுழைந்து நான் சேவ் செய்துவிட முடியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடிக்கும். கை தூக்கிய முதல் பிள்ளையுடையதைச் செய்தேன். இரண்டாவதைச் செய்தேன். மவுஸை மகளின் படத்துக்கு நகர்த்தியபோது யூபிஎஸ்ஸின் சத்தம் விட்டு விட்டு வருவது நின்று ஒரே நீளமாக இழுத்தது. இனி சர்வரை நிறுத்த மட்டும்தான் நேரம். நிமிர்ந்து பார்த்தேன். மற்றவர்களுக்குத் தெரியாமல் அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

நிறுத்தினேன். சர்வரின் காற்றாடி சுற்றி ஓய்ந்தது. பள்ளி விடும்வரை கரண்ட் வரவில்லை.

வீட்டுக்கு இருவரும் நடந்து போனோம்.

"பொய் சொன்ன இல்ல?"

"இன்னா பொய்?"

"ஸ்டார் இருந்துச்சி. பாத்தேன்."

"நீ எதுக்கு என் ஸ்கிரீன பாக்குற?"

"கை ஏன் தூக்கல?"

பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். "தூக்கினா நீ மொதல்ல என்னுத சேவ் பண்ணுவ. இல்லாட்டி வேணும்னே கடைசியா பண்ணுவ. எது பண்ணாலும் ஒரு வாரம் அதையே சொல்லிகினு இருப்ப. அம்மாவும் நானும் தானே கேக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது. காற்றில் தூள் விழுந்ததுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சர்வரைப் போட்டேன். சேவ் செய்த வேலைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. மிஸ் பென் டிரைவோடு வந்தார். "உன் படம் எங்கே?" என்றார் என் மகளிடம்.

"முடிக்கல மிஸ்."

"இத்தனை நாள் என்ன பண்ணின?" நன்றாகத் திட்டு விழுந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மிஸ் மற்ற படங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, வெள்ளைத் திரையில் மறுபடியும் மலையின் அடியிலிருந்து ஆரம்பித்தாள்.

"அதான் மிஸ் போயிட்டாங்களே. இப்ப யாருக்கு?"

"பாதியில விட்டா ஒரு மாதிரி கீது சார்."

அழுக்கே இல்லாத பெட்டிகளைத் துணியால் துடைத்தபடி அவள் வரிசையிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"தள்ளிப் போப்பா, கை ஆடுது" என்றாள். பக்கத்துச் சீட்டுப் பெண் சிரித்தாள். நான் தள்ளிப் போனேன்.