பாதைக்காரரின் ஆடுகள்

"அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள் அங்கால போகட்டும். அண்ணே, நீங்க நெல் மூட்டையோட இஞ்சால வாங்க." ஆளையும் சாமானையும் இடம் வலம் சரிபார்க்காமல் யோகராசா கயிற்றை அவிழ்க்கமாட்டார். வாவியில் ஆளையும் வண்டியையும் அக்கரை கொண்டுபோகும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அதை ஓட்டுகிறவர் அவர். கலியாண வீட்டில் சோற்றுக் கோப்பையைக் கையில் கொடுத்தால், சோற்றுக்கு இருபுறமும் கறியைப் பகிர்ந்து வைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

இப்போது யோகராசா வீட்டில் ஆடு புலி ஆட்டம். மகள் தனுஷா சித்திரை விளையாட்டு விழாவில் பார்த்து வந்து, உரப்பையில் கரியால் கோடு கீறினாள். முந்திரிக்கொட்டை புலி, புளியங்கொட்டை ஆடு. ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டித் தின்னும். புலி அசைய வழியில்லாமல் அடைத்தால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. முதல் நாள் யாருக்கும் சட்டம் பிடிபடவில்லை. யோகராசாவின் மனைவி கண்ணகை, புலியால் இன்னொரு புலியைத் தாண்டித் தின்றுவிட்டு நியாயம் வேறு பேசினார். சண்டை பிடித்துப் பிடித்துத்தான் மூவரும் பழகினார்கள்.

பழகியும் யோகராசாவுக்குத் தோல்விதான். இந்தப் பக்கம் ஓர் ஆடு வைத்தால், அந்தப் பக்கமும் ஒன்று வைத்தாக வேண்டும் அவருக்கு. ஆடுகள் தனித்தனியே நிற்கும். புலிக்கு விருந்து.

"அப்பா, இது கவிழாது! ஒரு பக்கமா நெருக்கி வைங்க."

"பழகின கை, மகள். சொல்லுக் கேக்குதில்ல."

கண்ணகைக்குத் தண்ணீர் என்றால் பயம். அக்கரையில் கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்குக்கூடப் பாலத்தால் சுற்றிப் பஸ்ஸில்தான் போவார். ஊரையே ஏற்றி இறக்கும் மனிதருக்குத் தன் மனைவி இன்னும் பாதையில் கால் வைக்கவில்லையே என்று உள்ளூர ஒரு குறை. தேருக்கு முதல் நாள், அயல் வீட்டிலிருந்து போன நான் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே அவளிடம் கேட்டார்:

"நாளைக்கு என்னோட பாதையில வாவன்."

"ஒரு ஆட்டக் காப்பாத்தத் தெரியாத மனிசன், என்னை எப்பிடி அக்கரை சேர்ப்பீங்க? முதல்ல புலிய அடைங்க. அடைச்சா வாறன்."

உரப்பை விரிந்தது. புலி கண்ணகைக்கு. யோகராசா முதன்முதலாக ஆடுகளை ஒரே பக்கத்தில் நெருக்கினார். ஆடு ஒன்றொன்றாக அங்கே சேரச்சேர, ஆள் எதிர்ப்பக்கம் சாய்கிறார். கடைசியில் பாயில் பாதி படுத்தேவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. புலிகள் மூலையில் முடங்கின. கண்ணகை கோடு கோடாக விரலை ஓட்டிப் பார்த்தார். வழியில்லை.

"சரி. சொன்னாச் சொன்னதுதான்."

மறுநாள் காலை கண்ணகை செருப்பைக் கையில் பிடித்தபடி பாதையில் ஏறி, தனுஷாவின் தோளைப் பற்றிக்கொண்டு கண்ணை இறுக மூடினார். வாவி சும்மா கண்ணாடி போலக் கிடந்தது. நடுவே வரும்போது கண்ணகை ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும்.

"அண்ணே, என்ஜின்ல பிழையா? ஊருதே!" என்றான் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன்.

யோகராசா கண்ணகையைத் திரும்பிப் பார்த்தார். வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.