படகுக்குள் எண்ணெய்த் தண்ணீர்

குற்றாலத்தில் சாரல் விட்டு இளவெயில் அடிக்கிறது. ஐந்தருவியில் குளித்த கையோடு நானும் மனைவியும் குளத்தில் மிதிபடகு விடுகிறோம். பாதிக் குளத்தில் காலடியில் தண்ணீர் தேங்குகிறது. அவசரமாக மிதித்துக் கரைசேர்ந்ததும், "ஓட்டைப் படகையா தருவீங்க?" என்று கத்துகிறேன்.

படகுக்கார அண்ணாச்சி அடித்தட்டின் இணைப்புகளைத் தடவிப் பார்க்கிறார். எல்லாம் காய்ந்து கிடக்கின்றன. தேங்கிய தண்ணீரைத் தொட்டு விரலைத் தேய்க்கிறார்.

"எண்ணெப் பிசுக்கா இருக்கு. குளத்துத் தண்ணில எண்ணெ ஏது சார்? நீங்க எண்ணெ தேச்சுல்லா குளிச்சிருக்கிய!"

இருக்கைக்கு அடியிலிருந்து எங்கள் பையை இழுக்கிறார். நான் பிழியாமல் திணித்த வேட்டி உள்ளிருந்து சொட்டுகிறது. மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிப் பிழிகிறோம். அண்ணாச்சியே அதைப் படகின் கூரைக் கம்பியில் கட்டிவிடுகிறார்.

செங்கோட்டைப் பக்கமிருந்து வீசும் காற்றில் வேட்டி உப்புகிறது. எங்கள் மிதிபடகு இப்போது பாய்மரக் கப்பல்.