வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்

சித்தூரில் அரசாங்க உத்தியோகம் முடிந்து கைக்கு வந்த பணத்தை அப்படியே கொண்டுபோய்ச் சத்தியவேட்டில் கொட்டினேன். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், கட்டிப் போட்டால் போதும், குடித்தனம் தானாக வரும் என்றார்கள். வந்தது. கீழே நாங்கள், பக்கத்தில் ஒரு போர்ஷன், மாடியில் மூன்று.

வீட்டுக்காரனாக இருப்பதில் ஒரு வித்தை இருக்கிறது. முடியாது என்று நாமே சொல்லக் கூடாது. விருந்தாளிகள் பத்து நாள் தங்கட்டுமா, மோட்டாரை இன்னொரு தடவை போடலாமா, சுவரில் ஆணி அடிக்கலாமா, யார் எது கேட்டாலும், "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிவிடுவேன். மனைவிக்கு இது தெரியும். "நல்ல பேரு உங்களுக்கு, ராட்சசி பேரு எனக்கா?" என்று சிரிப்பாள்.

மாடியில் ஸ்ரீகாகுளத்துத் தம்பதி ஒன்று குடிவந்தது. அவன் கம்பெனியில் வேலை. வயதானவர்கள் கூட இருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டேன். இங்கே வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள், ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இல்லை என்றான். ஆறு மாதத்தில் அவன் அம்மா வந்து சேர்ந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். என் மனைவியோ அந்த அம்மாவோடு உட்கார்ந்து மிளகாய் கிள்ளிக்கொண்டே தெலுங்கில் பேசித் தீர்ப்பாள்.

போன வருஷம் ஒரு காலையில் அந்த அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் உயிர் போய்விட்டது. பதினோரு மணிக்கு மகன் போன் செய்தான். சொந்த ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் பேசிவிட்டானாம். ஒரு மணி நேரம் வீட்டில் கிடத்திக் குளிப்பாட்டி, புதுப்புடவை கட்டிக் கொண்டுபோய்விடுகிறோம் சார் என்று கேட்டான். அழவில்லை. பவ்யமாகத்தான் கேட்டான்.

பிணம் வைத்த போர்ஷனுக்கு ஆள் வராது. செத்த நட்சத்திரம் சரியில்லை என்றால் ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். மற்றக் குடித்தனங்களும் கிளம்பிவிடும். இத்தனையும் யோசிக்க எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. "எனக்கு ஒண்ணுமில்லப்பா, வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றேன். சரி சார் என்று வைத்துவிட்டான்.

வீட்டில் அப்போது ஆளே இல்லை. மனைவி புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். போனை வைத்த பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். தோஷமில்லாத நட்சத்திரம். அவனைத் திருப்பி அழைத்திருக்கலாம். மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். துக்கமும் இல்லை, பதற்றமும் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால்போல மனசு மரத்துக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழாயடியில், நாலு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, மருமகள் குளிப்பாட்டினாள் என்று மளிகைக் கடையில் சொன்னார்கள்.

காரியமெல்லாம் முடித்து இருவரும் திரும்பி வந்தார்கள். படியேறப் போன மருமகளிடம் என் மனைவி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவள் கையை உருவிக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்குக்கூட உங்களுக்கு மனசு வரவில்லையா அக்கா என்று தெலுங்கில் கேட்டாள்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி அந்தப் பெண் பக்கம் திரும்பி, தப்புதானம்மா என்றாள்.

உள்ளே வந்ததும், "ஆணிக்கும் மோட்டாருக்கும் சொல்லிக்கினு இருந்தீங்க, சரி. இதுக்குமா என் பேரு?" என்று கேட்டாள். நான் மோட்டார் போடப் போனேன். அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

அவர்கள் காலி செய்யவில்லை. கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நிற்பது அவனுக்கு வசதி. அந்தப் பெண் இன்றுவரை என் மனைவியோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் நின்று, "நமஸ்காரம் சார்" என்கிறாள். நானும் கைகூப்புகிறேன்.