சீனி டப்பாவில் சாய்ந்திருந்த வாப்பா

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அருவி கொட்டியது. அடுப்படி வாசலில் என் மனைவி தன் நீலச் சேலை ஒன்றைத் தொங்கவிடுவாள். அதுதான் அருவி. அதற்கு முன்னால் விரித்த ஜமுக்காளம்தான் பாறை. மூன்று வயது மகள் தலையணைகளைத் தாண்டிக் குதித்து, சேலைக்கடியில் தவழ்ந்து நுழைந்து, நனைந்துவிட்டதாகத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்காருவாள். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், என்னை அதட்டவும் செய்கிறாள். அந்தச் சேலை கிழிந்து அடுப்படியில் கைப்பிடித் துணியாகிவிட்டது. பால் சட்டியை இறக்கும்போது அந்த நீலம் கண்ணில் பட்டால் எனக்கு அந்த நாட்கள் வந்துவிடும், பால் ஆறுகிறவரை நின்றுகொண்டிருப்பேன்.

விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தது பால்வாடி டீச்சர். பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் பிந்துகிறது, விரலிலும் பிடிமானம் போதவில்லை, பயப்பட ஒன்றுமில்லை, வீட்டிலேயே பிக்னிக் போவதுபோல் விளையாடிப் பழக்குங்கள் என்றாராம். நான் அப்போது வளைகுடாவில் ஏசி மெக்கானிக். செய்தி போனில் வந்ததும் எனக்குச் சிரிப்புத் தாளவில்லை.

"குத்தாலத்துக்குக் கூப்பிடு தூரத்துல தென்காசியில வீட்ட வச்சுக்கிட்டு, வீட்டுக்குள்ள பிக்னிக்கா? வெளிய சொல்லிராத, மானம் போயிரும்" என்றேன்.

"போனா போவுது. பிள்ள வாயத் தொறந்து பேசுதா, எனக்கு அது போதும்" என்றாள்.

பேசத்தான் செய்தாள். டப்பாக்களுக்குச் சரியான மூடி தேடுவது அவள் வேலை. செம்பிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. அவித்த கடலையை உரித்து, யாருக்கு வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கொடுப்பதும் அவள்தான். முதலில் ஒரு கடலையை உரிக்க மூச்சு வாங்கினாள். பிறகு உரிக்கிற வேகத்தில் தோல் என் மனைவியின் மடியில் தெறித்தது. கடைசியில் ஜமுக்காளத்தின் மூலையோடு மூலை சேர்த்து மடிக்கவேண்டும். அதை மட்டும் அவள் கடைசிவரை ஒழுங்காக மடிக்கவில்லை, உருட்டித்தான் வைப்பாள்.

இவ்வளவும் நான் பார்த்தது போனில். ஜும்மா தொழுதுவிட்டு அறைக்கு வந்ததும் வீடியோவில் அழைப்பேன். ஊரில் அது டீ நேரம். என் மனைவி போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைப்பாள். அதுதான் ஜமுக்காளத்தில் எனக்கு ஒதுக்கிய இடம். மகள் போனுக்கு முன்னால் ஒரு சிவப்புத் தட்டை வைத்து, "வாப்பாக்கு" என்று இரண்டு கடலையைப் போடுவாள். நான் என் அறையில் வெறும் வாயை நறநறவென்று மென்று காட்டுவேன். ஏப்பமும் விடுவேன். அவள் சிரித்துச் சிரித்து விழுவாள். வாரம் முழுக்க மொட்டை மாடிகளில் வெயிலில் காய்ந்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அந்தச் சிரிப்புதான்.

சாரல் காலத்தில் விடுப்பு கிடைத்தது. நான் புறப்பட்டுப் போனபோது குப்புற விழக்கூடத் தெரியாத பிள்ளை. இப்போது ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்று விமானத்தில் தூங்காமல் வந்தேன். அவள் ஓடத்தான் செய்தாள், பீரோவுக்குப் பின்னால். நான் வாங்கி வந்த பொம்மையை வாங்கிக்கொண்டாள், சாக்லேட்டை வாங்கிக்கொண்டாள். மடிக்கு மட்டும் வரவில்லை. வாப்பா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டினாள்.

"பழகிருவா. கொஞ்சம் பொறுங்க" என்றாள் மனைவி. பொறுமை என் பக்கம் தலைவைத்துப் படுத்ததே கிடையாது.

வெள்ளிக்கிழமை வந்தது. சேலை தொங்கியது, ஜமுக்காளம் விரிந்தது. நான் என் இடம் என்று நினைத்துச் சீனி டப்பாவை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அங்கன வாப்பா இருக்கணும்."

"நான்தாம்மா வாப்பா."

அவள் நம்பவில்லை. சீனி டப்பாவைத் திரும்ப இழுத்து வைத்து, உம்மாவின் போனை அதில் சாய்த்து, அதன் முன்னால் சிவப்புத் தட்டை வைத்தாள். கடலை உரித்து உம்மாவுக்குப் போட்டாள், போனுக்குப் போட்டாள், தனக்கும் எடுத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றுமில்லை. என் மனைவி சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"போனுக்குப் போடுதா, பெத்தவனுக்கு இல்ல. நல்லா வளத்துருக்க" என்று கத்திவிட்டு எழுந்து போனேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. வயிறு எரிந்தது உண்மை.

வீட்டு அருவி செய்த வேலையை உண்மை அருவி திருத்தட்டும் என்று மறுநாளே ஆட்டோ பிடித்துக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை, துண்டு, எண்ணெய் எல்லாம் எடுத்துக்கொண்டோம். மலையில் நல்ல மழை போலிருக்கிறது, தண்ணீர் செம்மண் நிறத்தில், அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் பின்னால் தள்ளினார். அந்த இரைச்சலில் மகள் வீறிட்டு அழுதாள். அருவி என்றால் சத்தம் போடாது, நீலமாக இருக்கும் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! நான் தூக்கப் போனேன், உம்மாவின் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அந்தச் சந்தடியில் ஒரு குரங்கு முட்டைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எலுமிச்சைச் சோற்றை இலஞ்சிப் பக்கம் ஆட்டோவை ஓரங்கட்டி, சாரலுக்குப் படுதாவை இறக்கிவிட்டுத் தின்றோம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, பிள்ளையின் பயம் தெளியட்டும் என்று வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் ஜமுக்காளத்தை விரித்தாள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். சேலைக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது. அணைந்து கிடந்த போனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, கொரங்கு முட்டைய எடுத்துட்டு. தண்ணி டமார்னு விழுதா. அந்த மாமா கூட்டிட்டுப் போனாங்க."

அந்த மாமா நான்தான். அடுப்பை அணைத்துவிட்டேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவள் இவ்வளவு கோவையாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்தனையும் எனக்காகச் சேர்த்து வைத்த பேச்சு, என்னிடம்தான் சொல்லத் தெரியவில்லை.

சட்டைப் பையிலிருந்த என் போனை எடுத்து மனைவியின் போனுக்கு வீடியோவில் அழைத்தேன். கூடத்தில் மணி அடித்தது. திரையில் மகள் முகம் வந்தது. "வாப்பா!" என்று கூவினாள். குரங்குக் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சிவப்புத் தட்டில் கடலை விழுந்தது, நான் மென்று காட்டினேன்.

"வாப்பாக்கு இன்னும் பசிக்கே. அங்கன வரட்டா?"

"வா."

போனைத் திருப்பி அடுப்படியைக் காட்டினேன். அவள் தினம் பார்க்கிற பால் சட்டி, தண்ணீர்க் குடம். பிறகு நீலச் சேலை. "அருவி!" என்றாள். நான் முட்டி போட்டு, அவள் நுழைவதைப்போலவே சேலைக்கடியில் தவழ்ந்து கூடத்துக்குள் வந்தேன், கண்ணாடி கழன்று விழ, போன் கையில் இருக்க. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பத் திரையைப் பார்த்தாள். நான் வெறும் வாயை நறநறவென்று மென்றேன். கிட்டே வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் துண்டை எடுத்து, நனைந்துவிட்ட என் தலையைத் துவட்டினாள். மனைவி முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெட்கப்படவில்லை.

மிச்ச விடுப்பு எப்படிப் போனதென்று தெரியவில்லை. தினமும் பிக்னிக்தான். ரம்புட்டான் பழம் வாங்கி வந்து கொடுத்தால் நகத்தால் கீறி, உரித்து, என் வாயில் திணிப்பாள். நான் குளிக்கப் போனாலும் சேலைக்கடியில் தவழ்ந்து வந்து என்னைத் தேடுவாள். கிளம்பும் நாளில் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

வளைகுடாவில் முதல் வெள்ளிக்கிழமை அழைத்தேன். மனைவி வழக்கம்போல் என்னைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தாள். நான் வாயைத் தயாராக வைத்திருந்தேன். எனக்கு முன்னால் தட்டு இல்லை. சிவப்புத் தட்டு ஜமுக்காளத்தின் மறு ஓரத்தில், நான் உட்காருகிற இடத்தில் இருந்தது, கடலை குவிந்திருந்தது.

"வாப்பாக்கு இங்கன போடலையா?"

"போன் திங்காதுல்லா. நீ வந்து தின்னு."

அன்று நான் மென்று காட்டவில்லை. அடுத்த வாரமும் தட்டு அங்கேயேதான் இருந்தது, அதற்கடுத்த வாரமும். அந்த வருடக் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டேன். வேலையை ஏன் விடுகிறாய் என்று சூப்பர்வைசர் கேட்டார். வீட்டில் எனக்குத் தட்டு வைத்துவிட்டார்கள் என்றேன்.