அங்குலம் அம்மா

டேப்பின் நுனியைப் புகார் கொடுத்தவர் கையிலும், சுருளைப் புகாருக்கு ஆளானவர் கையிலும் திணித்துவிட்டு, "தொய்வில்லாம இழுங்க. இழுக்கறதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் சொல்லியா குடுக்கணும்?" என்கிறார் சர்வேயர் அம்மா. வருடக்கணக்கில் முகம் பார்க்காதவர்கள் ஒரே இரும்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் நடுவில் மண்டியிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி எண்ணைப் படிப்பார். அளவு தப்பு என்று அப்புறம் யார் போய் வாதாட முடியும்? பிடித்தது அவர்கள் கைதானே.

நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் முப்பது வருடமாக இதுதான் வேலை. அனுமதி வாங்கிய வரைபடம் ஒன்று, எழுப்பிய கட்டடம் வேறொன்று என்று வழக்கு வந்தால், மறுபடி அளக்கச் சொல்லித் தீர்ப்பாயம் அனுப்புவது இவரைத்தான். அலுவலகத்தில் முகத்துக்கு நேரே மேடம். முதுகுக்குப் பின்னால் அங்குலம். அது அங்குலத்துக்கும் தெரியும். "முழம்னு வைக்காம விட்டானுங்களே, அந்த மட்டும் சந்தோஷம்" என்பார்.

மகள் பிறந்ததும் நர்ஸ் வந்து எடையைச் சொல்ல, மயக்கம் முழுதாகத் தெளியாமலே "நீளம் எவ்வளவு?" என்று கேட்டாராம். கணவர் ஆசையாய்ப் புதுக் கட்டில் வாங்கிப் போட்ட அன்று, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே விட வேண்டிய இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் படுத்தாராம். அலுவலகத்தில் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். தள்ளினாலும் மீதி ஏராளம். அளக்கப் போன வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது மட்டும் கலப்படமில்லாத உண்மை. "ஒரு மடக்கு குடிச்சா டேப்பு அரை அங்குலம் நீண்டுடும்" என்பார்.

போன வாரம் போனது, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீட்டுக்கு. பக்கவாதம் வந்த மனைவியால் மாடிப்படி ஏற முடியவில்லை என்று, கீழே பக்கவாட்டுக் காலியிடத்தில் அனுமதி கேட்காமலே ஓர் அறை கட்டிவிட்டார் மனிதர். சுவருக்கும் எல்லைக்கும் நடுவே ஐந்தடி இருக்க வேண்டும் என்பது விதி. தன் சமையலறை இருண்டுபோனதாகப் பக்கத்து வீட்டு ஜெராக்ஸ் கடைக்காரர் வழக்குப் போட்டார். முதலில் அளந்தவர் மூன்று அங்குலம் குறைவு என்று எழுதிவிட, இந்த அம்மா அளந்தாலாவது ஐந்தடி தேறாதா என்று டிரைவர் காத்திருந்தார். தேறாவிட்டால் அறை போய்விடும்.

வாசலிலேயே குரலைத் தாழ்த்தினார். "மேடம், கொஞ்சம் பாத்து அளங்க."

"பாத்துத்தான் ஐயா அளப்பேன். அதுக்குத்தானே கண்ணாடி."

மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் நாலே முக்காலடி. டிரைவர் சுருளைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

அறிக்கைக்கு அறையின் உள்ளளவும் வேண்டும். நுனி கையில் இருந்ததால் கடைக்காரர்தான் உள்ளே போயாக வேண்டும். மூன்று வருடமாக வழக்காடிய அறைக்குள் அன்றுதான் அவர் முதல்முதலாகக் கால் வைத்தார். கட்டில், மருந்து அலமாரி, ஒற்றை ஜன்னல். அந்த ஜன்னலை அடைத்தாற்போல் நின்று நுனியைச் சுவரில் அழுத்தினார்.

கட்டிலிலிருந்து பாதி வாயால் குழறலாக ஒரு குரல் வந்தது. "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. வெளிச்சம் மறைக்குது."

கடைக்காரர் சட்டென்று விலகினார். டேப் தரைவரை தொய்ந்தது. அது மறுபடி நிமிரும்வரை அங்குலம் கண்ணாடியை நெற்றியிலேயே வைத்திருந்தார்.

வெளியே வந்து அளவுப் புத்தகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இனி என்ன ஆகும் என்று கேட்டவர், ஜெயித்த கடைக்காரர்தான்.

"இடிக்கச் சொல்லுவாங்க."

"மூணு அங்குலம்தானேம்மா?"

"சுவத்தை மூணு அங்குலம் சீவி எடுக்க முடியுமா? முழுசாத்தான் போகும்."

டிரைவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "வேற வழியே இல்லையா?"

கேட்காததைச் சொல்வது அங்குலத்தின் கணக்கில் பட்சபாதம். கேட்டதற்கு மட்டும் ஒளிக்காமல் பதில் சொல்வார். "பக்கத்து மனைக்காரர் எழுத்துல சம்மதம் குடுத்தா, ஆறு அங்குலம் வரைக்கும் தளர்த்தலாம். விதியிலயே இருக்கு."

இரண்டு பக்கத்து வக்கீல்களுக்கும் இது தெரியாமலா இருந்திருக்கும்? பேச்சுவார்த்தை அறுந்துபோன வீட்டுக்குப் போய்ச் சம்மதம் கேட்டு வாருங்கள் என்று எந்த வக்கீல் சொல்வார்?

டிரைவர் நிமிர்ந்தார். மூன்று வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "வெளிச் சுவத்துக்கு நல்ல வெள்ளையா அடிச்சுடறேன். உங்க அடுப்படிக்கும் கொஞ்சம் வெளிச்சம் எதிரடிக்கும்."

கடைக்காரர் சட்டைப்பையைத் தடவினார். பேனா இருந்தது. ஊருக்கெல்லாம் கட்டுக்கட்டாகப் பிரதி எடுத்துக் கொடுக்கிறவரிடம் அந்த நேரம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அளவுப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சிட்டிருக்கும். ஒரு தாள் குறைந்தாலும் மேலதிகாரிக்கு விளக்கம் எழுத வேண்டும். அங்குலம் வெற்றுத் தாள் ஒன்றைப் புரட்டி எடுத்து, ஓரத்தை நகத்தால் நீவி, சத்தமில்லாமல் கிழித்தார். வைத்து எழுத அங்கே மேஜை கிடையாது. அந்த அறையின் பூசாத செங்கல் சுவரிலேயே தாளை வைத்து, காற்றில் படபடக்காதபடி இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தார். கடைக்காரர் எழுதுவது தன் கண்ணில் படாமலிருக்க முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.