ரேடியோ சொன்னதைச் சொல்லு

ரேடியோ என்றால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. வீட்டில் யாராவது அதைப் போட்டுவிட்டு அப்பால் போனால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய் நிறுத்திவிடுவேன். அம்மாவுக்கு விசர் என்று என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கடலுக்குப் போகவேண்டாம் என்ற செய்தி என் அப்பாவுக்கு வள்ளம் இறக்குவதற்கு முன்னதாகவே வந்தது. ரேடியோ வழியாக, என் வாய் வழியாகத்தான் வந்தது. அது இங்கிலீஷில் வந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுதானை எழுதி முடிக்க எனக்கு இத்தனை வருஷம் தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் பள்ளிக்கூடம் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. இங்கிலீஷ் படிப்பித்த பறங்கி ரீச்சர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவருடைய இடத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லிப் பெரிய வாத்தியார் கேட்டபடியே இருந்தார். ஆள் வரவில்லை, ரேடியோ வந்தது. முன்பக்கம் துணி போர்த்த மரப்பெட்டி, பக்கத்தில் ஒரு கார் பற்றரி. கொண்டுவந்த உத்தியோகத்தர் அதை மேசையில் வைத்துவிட்டு, இனி இதுதான் உங்களுடைய இங்கிலீஷ் ரீச்சர் என்றார். நாங்கள் கைதட்டினோம். கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம்.

அவர் பெட்டியோடு ஒரு சட்டத்தையும் வைத்துவிட்டுப் போனார். ரேடியோப் பாடம் நடக்கும்போது வகுப்பில் ஒரு சொல்லும் தமிழ் கதைக்கக் கூடாது. எந்தச் சொல்லுக்கும் கருத்துக் கேட்கக் கூடாது. குழந்தை தாய்ப்பாஷையைக் கருத்துக் கேட்டா படிக்கிறது? காது பழகினால் கருத்துத் தன்பாட்டில் வரும். பெட்டிக்குள் இருக்கும் பொம்பிளை ஒரு வசனம் சொல்லுவாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். அந்த இடைவெளியில் நாங்கள் எல்லோரும் அதே வசனத்தை அதே இழுவையோடு சொல்லவேண்டும்.

இதை மேய்ப்பதற்குக் கணக்கு வாத்தியாரை விட்டார்கள். அந்த மனிதருக்கும் இங்கிலீஷ் வராது. அதனாலேயோ என்னவோ, சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொண்டார். ஒருநாள் ஒரு பொடியன் எழும்பி, "ஸ்னோ எண்டால் என்ன சேர்?" என்று கேட்டுவிட்டான். உள்ளங்கையில் இரண்டு விழுந்தது. "ரேடியோ சொன்னதைச் சொல்லு. அதுக்கு மேல கதையாதை." அதற்குப் பிறகு ஒருவரும் எதையும் கேட்கவில்லை. நாங்கள் ஸ்னோ, ஸ்னோ என்று சொல்லிக்கொண்டு வேர்வை வழிய வீட்டுக்குப் போனோம்.

அந்த வகுப்பில் நான்தான் முதல். ஒருதரம் கேட்டால் எனக்குப் போதும், அப்படியே திருப்பிச் சொல்லுவேன். பின்னேரங்களில் அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு, "எங்க, இண்டைக்குப் படிச்சதைச் சொல்லு பாப்பம்" என்பார். நான் கைகட்டி நின்று சொல்லுவேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது, எனக்கும் விளங்காது. இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோசம்.

அது ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்த நேரம். ஒரு கிழமை விடாத மழை. வள்ளங்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. வீட்டில் அடுப்பு ஒருநேரம்தான் எரிந்தது. பிறகு ஒரு காலை திடீரென்று வெளித்தது. எனக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை. வானம் மஞ்சளாக இருந்தது. காற்று என்று ஒன்று இல்லவே இல்லை, பள்ளிக்கூட வேப்பமரத்தில் இலை அசையவில்லை. உள்துறைமுகத்துத் தண்ணீர் எண்ணெய் ஊற்றிவிட்டமாதிரிக் கிடந்தது. பின்னேரம் கடலுக்கு இறங்கப்போவதாக அப்பா காலையிலேயே சொல்லியிருந்தார். இன்றைக்கு மீன் குவியும் என்று கரை முழுக்க ஒரே கதை.

அன்றைய பாடத்தில் அந்தப் பொம்பிளை ஏதோ பூனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடு வசனத்தில் அவளுடைய குரல் அறுந்தது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு ஆம்பிளைக் குரல். அவர் அவசரப்படவில்லை. கப்பல்காரர் எழுதி எடுக்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, இடைவெளி விட்டு, திரும்பவும் வாசித்தார். அது புயல் அறிவித்தல். இதை இப்போது எழுதுகிறேன், அன்றைக்கு அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வசனம், இடைவெளி, வசனம், இடைவெளி. எங்கள் பாடமும் அப்படித்தான் இருக்கும்.

கணக்கு வாத்தியார் பிரம்பை உயர்த்தினார். "புதுப்பாடம். சொல்லுங்கோ."

நாங்கள் சொன்னோம். வகுப்பே சேர்ந்து, ஓங்கிய குரலில், ஒரு பிழையில்லாமல் சொன்னோம். ஆல் ஃபிஷிங் கிராஃப்ட் அட் ஸீ ஷுட் ரிட்டேர்ன் டு ஹாபர் இமீடியட்லி. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து எட்டிப்பார்த்தார்கள். ரேடியோ பழையபடி பூனைக்குத் திரும்பிய பிறகும் வாத்தியாருக்கு அந்த வசனத்தை விட மனம் வரவில்லை. நல்ல நீளமான வசனம், பெரிய வகுப்புக்காரர் படிக்கிறமாதிரி. என்னை எழுப்பித் தனியாகச் சொல்ல வைத்தார். நான் சொல்லி முடிக்க, "கெட்டிக்காரி" என்றார். அவர் ஒருவரையும் அப்படிச் சொல்கிற ஆளில்லை.

அதை அப்பாவிடம் சொல்லவேண்டுமே என்று ஓட்டமாக ஓடினேன். எங்கள் வாடி, அந்த ஓலைக் கொட்டில், துறைமுகத்துக்கு மறுபக்கம், வெளிக்கடலைப் பார்த்த கரையில். துறைமுகத்தில் அபாயக் கொடி ஏற்றினார்களாம், பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் கரைக்கு அந்தக் கொடி தெரியாது. நான் போய்ச்சேர, அப்பாவும் அவரோடு தொழில் செய்த இரண்டு பேரும் வள்ளத்தைத் தண்ணிக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அம்மா சோற்றுச் சட்டியைத் துணியில் கட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, புதுப்பாடம்."

"சொல்லு மகள், கெதியாச் சொல்லு."

நான் ஈரமணலில் கைகட்டி நின்று சொன்னேன். அப்பா தள்ளுவதை நிறுத்தினார். "இன்னொருக்காச் சொல்லு." சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது.

"ஹாபர் எண்டு வருகுது. கேட்டியளே? எங்கட ஹாபரைப் பற்றி ரேடியோவில படிப்பிக்கிறாங்கள்." மற்ற இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார். "கருத்து என்ன பிள்ளை?"

"தெரியாதப்பா. கருத்துக் கேக்கக் கூடாது."

"ஓம், ஓம். அது பிறகு வரும்." அவர் பெரிய ஆளாட்டம் தலையாட்டினார். பிறகு அவரே சொல்லிப் பார்த்தார். ஆல் பிசிங் கிராப். நான் எடுத்துக் கொடுத்தேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு அந்த வசனம் பிடித்துவிட்டது. வள்ளம் மிதந்து, மூன்று பேரும் ஏறி, தண்டு வலிக்கத் தொடங்கிய பிறகும் அவர் தண்டு இழுக்கும் தாளத்துக்கு அதைச் சொல்லிக்கொண்டே போனார். காற்றில்லாதபடியால் குரல் தெளிவாகக் கேட்டது. கடைசிச் சொல் அவருக்கு வாயில் வரவில்லை. திருத்துவதற்காக நான் "அப்பா" என்று கூப்பிட வாயெடுக்க, அம்மா என் வாயைப் பொத்தினார்.

"கடலுக்கு இறங்கின மனுசனைப் பின்னால கூப்பிடக் கூடாது."

அன்றிரவு அடித்த காற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. விடிந்தபோது கரையில் வாடிகள் இல்லை. கூடப் போனவர்களில் ஒருவர் கிண்ணியாப் பக்கம் பிணமாக ஒதுங்கினார், மற்றவர் இன்னும் தெற்கே. வள்ளத்தின் ஒரு பலகை கிடைத்தது. அப்பா கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக் கூரையைக் காற்றுக் கொண்டுபோய்விட்டது. ரேடியோவை மட்டும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தபடியால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தகரம் போட்டதும் பாடம் தொடங்கியது, அதே பொம்பிளை, அதே பூனை. நான் வாய் திறக்கவில்லை. ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வாத்தியார் முதலில் கெஞ்சினார், பிறகு அடித்தார். நான் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் வீட்டில் செபம் நடந்தது. பங்குச் சுவாமியார் வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். அம்மா என்னைப் பிடித்து முன்னால் விட்டார். "சாமி, இவ இங்கிலீசில ஒரு பாடம் சொல்லுவா. அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டுக்கொண்டுதான் அவர் போனவர். சொல்லு பிள்ளை." நான் சொன்னேன். சுவாமியார் கோப்பையை நிலத்தில் வைத்தார். "இதை எங்க படிச்சனீ?" என்றார். "ரேடியோவில" என்றேன். அவர் அம்மாவைப் பார்த்து, "நல்ல பாடம்" என்றார். மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார். அந்த வசனத்துக்குள் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு பட்டணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு மாறினேன். அங்கே கருத்துச் சொல்லிப் படிப்பித்தார்கள். எனக்கு அது நரகம். ஒரு தவணை 'ஃபிஷிங்' வந்தது. இன்னொரு தவணை பஸ் ரிக்கற்றைக் காட்டி 'ரிட்டேர்ன்' என்றால் என்ன என்று சொன்னார்கள். அடுத்த சொல் எப்போது வந்து நிற்குமோ என்று பயந்து பயந்துதான் நான் இங்கிலீஷ் படித்தேன். 'இமீடியட்லி' வந்த அன்று, வகுப்பை விட்டு வெளியே போய்ச் சத்தி எடுத்தேன். கருத்துத் தன்பாட்டில் வரும் என்று சொன்ன அந்த உத்தியோகத்தரை அன்றைக்குக் கண்டிருந்தால், கல்லால் எறிந்திருப்பேன்.

ஒவ்வொரு வருஷமும் அப்பாவின் ஆண்டுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அந்தப் பாடத்தைச் சொல்லச் சொல்லி அம்மா கேட்பார். நான் கைகட்டி நின்று சொல்லுவேன். என்ன செய்ய? கருத்துத் தெரிந்த வருஷமும் சொன்னேன், அதற்கு அடுத்த வருஷமும் சொன்னேன். நான் படிப்பை முடித்த வருஷம் அம்மா கேட்டார்.

"இப்ப உனக்கு எல்லாம் விளங்கும்தானே. அப்பா சொன்னது என்ன கதை?"

பொய் ஒன்று தயாராக வைத்திருந்தேன். வாயில் வரவில்லை.

"கடலில நிக்கிற எல்லாரும் உடனே கரைக்குத் திரும்பி வாங்கோ எண்டு, அம்மா."

அம்மாவுக்கு விளங்கிவிட்டது, இனி இந்த மனுசி தாங்காது என்று நினைத்தேன். ஆனால் அம்மாவின் முகத்தில் வந்தது வேறு. அப்பா போன பிறகு அந்த முகத்தில் நான் காணாத ஒரு தெளிவு.

"அப்ப திரும்பி வாறன் எண்டுதானே சொல்லிக்கொண்டு போனவர்" என்றார் அம்மா. "நாங்கள்தான் விளங்காமல் செத்த ஆளாக்கிப்போட்டம். இனி அவருக்குப் பூசை குடுக்க வேண்டாம்."