தகடு போட்ட இடத்துக்குப் பக்கத்தில்

வீரலட்சுமிக்குச் சாத்தூர்ப் பக்கம். ஒன்பது வருஷம் ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வெல்டராக இருந்தாள். லைனில் ரோபோ வந்ததும் ஆளைக் குறைத்தார்கள். அடுத்த மாதமே சூளகிரியில் ஹைவேயை ஒட்டி ஒரு தகர ஷெட்டைப் பிடித்து மெஷினைப் போட்டுவிட்டாள். கேட், ஜன்னல் கம்பி, டிராக்டர் ட்ரெய்லர் என்று எது வந்தாலும் செய்வாள். கார் மட்டும் வந்ததில்லை.

முதல் காரை அனுப்பியவர் பக்கத்துக் கடை மெக்கானிக் மோகன்குமார். ஜவளகிரி விவசாயி கோவிந்தனின் கார் அது. பழைய காரில் ஜீப்பின் டீசல் எஞ்சினை இறக்கி, யானைப் பயத்தில் முன்னால் தடுப்பாக இரும்புக் குழாயில் ஒரு கார்டும் கட்டியிருந்தார். குருபரப்பள்ளியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிற வழியில், அந்தக் கனம் தாங்காமல் முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் மவுண்ட் காரின் அடிச்சட்டத்தை விட்டுப் பிய்ந்துவிட்டது.

வீரலட்சுமி பழைய வெல்டிங்கைத் தேய்த்து எடுத்தாள். எட்டு மில்லிமீட்டர் தகட்டை வெட்டி வைத்துச் சுற்றிலும் வெல்டிங் அடித்தாள். இனி இது அசையாது என்று அவளுக்கே ஒரு பெருமை.

மூன்றாவது வாரம் கார் இன்னொரு வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு வந்தது. தளி ரோட்டு வளைவில் சக்கரம் சாய்ந்திருக்கிறது. உள்ளே கோவிந்தனின் மனைவி மங்கம்மாவும் இருந்திருக்கிறார். மெதுவாகப் போனதால் யாருக்கும் அடியில்லை. கோவிந்தன் மனைவியோடு ஷெட் நிழலில் உட்கார்ந்தார்.

அடியில் படுத்துப் பார்த்தாள். தகடு போட்டபடியே இருந்தது. அதன் ஓரத்தை ஒட்டிச் சட்டம் நேர்க்கோடாகக் கிழிந்திருந்தது. தகடு கனம், சட்டம் மெல்லிசு. அசைவு முழுவதும் அந்த ஓரத்தில் போய் இறங்கியிருக்கிறது.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த கணவன் பரமசிவம், ரோடு சரியில்லை என்று சொல்லி முடித்துவிடச் சொன்னான். அவள் எழுந்து கோவிந்தனிடம் போனாள்.

"அண்ணாச்சி, ரோட்டு மேல தப்பில்ல. நான் தகட்டக் கனமாப் போட்டுட்டேன். அதுதான் பக்கத்துல கிழிச்சிருக்கு. பூராவும் வெட்டி எடுத்துட்டு மறுபடி போடுதேன்."

அவர் காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த தபா நிக்குமா?"

"முன்னால இருக்க கார்டக் கழட்டுனா நிக்கும்."

அதற்கு மட்டும் அவர் மசியவில்லை. யானை வந்தால் என்ன செய்வது என்றார். யானை வந்தால் கார்டும் சேர்ந்துதான் நசுங்கும் என்றாள் அவள். மங்கம்மா தெலுங்கில் ஏதோ சொல்ல, அவர் கார்டைக் கழற்ற மோகன்குமாரிடம் ஸ்பேனர் வாங்கப் போனார்.

அந்த வேலை இரண்டு நாள் பிடித்தது. கிழிந்த பகுதியை வெட்டி எடுத்து, சட்டத்தின் கனத்திலேயே புதுத் துண்டு வைத்தாள். அதன்மேல் நான்கு மில்லிமீட்டர் தகட்டை முழ நீளத்துக்கு, இரண்டு முனையும் மெலியும்படி வெட்டிப் போட்டாள். மறுபடி ஓரத்தில் கிழியக் கூடாதென்று முனைகளில் குறுக்கே வெல்டிங் வைக்கவில்லை. இடது மவுண்ட்டுக்கும் வலது மவுண்ட்டுக்கும் நடுவே, கனத்தை இரண்டும் சேர்ந்து தாங்கும்படி, ஒரு குழாயைக் கொடுத்துப் பிணைத்தாள்.

கோவிந்தன் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஷெட்டில் நிறுத்துகிறார். அவள் டார்ச்சோடு அடியில் படுத்து ஓரங்களைத் துடைத்துப் பார்க்கிறாள். ஒரு வருஷமாகக் கீறல் இல்லை. கார்டு இல்லாத கார் மொட்டையாக இருக்கிறது என்ற குறை அவருக்கு இன்னும் இருக்கிறது.